படத்துக்கு ஒரு கர்வ், தாளுக்கு ஒரு கர்வ்

போட்டோஷாப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறந்து கன்ட்ரோல்-எம் அழுத்தினால் ஒரு சதுரம் வருகிறது. அதன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு நேர்கோடு. கிடைமட்டத்தில் படத்தில் இப்போது இருக்கும் சாயல், செங்குத்தில் அது மாறவேண்டிய சாயல். கோடு நேராக இருக்கும்வரை படத்தில் எதுவும் மாறாது. எங்கேயாவது பிடித்து இழுத்தால் மாறும். கர்வ் என்று நாம் சொல்லும் கருவி இவ்வளவுதான். இவ்வளவு எளிய கருவியைக்கொண்டு திரையில் அழகாகச் செய்த படம், தாளில் மட்டும் ஏன் இருண்டு, நிழலெல்லாம் ஒன்றாகத் திரண்டு வருகிறது? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். திரையின் வெளிச்சத்தைக் குறை என்கிறார் ஒருவர். சரியான புரொஃபைல் இல்லை என்கிறார் இன்னொருவர். கறுப்பு வெள்ளைக்கென்றே தனி மையும் தனி மென்பொருளும் வாங்கு என்கிறார் மூன்றாமவர். இந்தப் பதில்கள் ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது, எதுவும் முழுப் பதில் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கு இரண்டு கர்வ் வேண்டும். ஒன்று, அந்தக் காட்சியை நாம் எப்படிக் காட்ட நினைக்கிறோம் என்பதற்கு. மற்றது, தாளும் மையும் சாயல்களில் செய்யும் மாற்றத்தை ஈடுகட்டுவதற்கு. இரண்டையும் ஒரே கோட்டில் போட்டுக் கலப்பதால்தான் பெரும்பாலான பிரிண்டுகள் கெடுகின்றன.

இந்தக் கோடு கணினியோடு பிறந்ததல்ல. இங்கிலாந்தின் விட்னஸ் நகரத்து ரசாயன ஆலையில் வேலை பார்த்த இருவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலர் ஃபெர்டினண்ட் ஹர்ட்டரும் பொறியாளர் வீரோ டிரிஃபீல்டும், 1890இல் வெளியிட்ட ஆய்வில் ஒளிப்படத் தட்டின் நடத்தையை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள். தட்டின்மேல் விழுந்த ஒளியின் மடக்கை கிடைமட்டத்தில், கழுவியபின் தட்டில் தங்கிய வெள்ளியின் அடர்த்தி செங்குத்தில். வந்த கோடு கீழே மெல்ல எழும்பி, நடுவில் நேராக ஏறி, மேலே மறுபடி தளர்ந்தது. கீழ்ப்பகுதியைப் பாதம் என்றும் மேற்பகுதியைத் தோள் என்றும் இன்றும் சொல்கிறோம். இன்றைய மென்பொருள்களில் எல்லோரும் போடும் எஸ் வடிவக் கோட்டின் மூதாதை இதுதான். பிலிமில் அந்த எஸ் யாரும் விரும்பி வரைந்ததல்ல. வெள்ளி உப்பின் இயல்பு அது.

நெகட்டிவுக்கு ஒரு கோடு இருந்ததுபோலவே பிரிண்ட் தாளுக்கும் ஒரு கோடு இருந்தது, அது இன்னும் செங்குத்தானது. ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வாளர் லாயிட் ஜோன்ஸ் 1920இல் இவற்றை ஒரே வரைபடத்தின் நான்கு கட்டங்களில் இணைத்தார். காட்சியின் ஒளி நெகட்டிவின் கோட்டில் புகுந்து அடர்த்தியாகிறது, அந்த அடர்த்தி தாளின் கோட்டில் புகுந்து பிரிண்டின் சாயலாகிறது, கடைசிக் கட்டத்தில் காட்சியும் பிரிண்டும் எதிரெதிரே வைத்துப் பார்க்கப்படுகின்றன. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கிறது. படம் கைக்கு வருமுன் பல கோடுகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அதை வளைக்கிறது. எந்த வளைவு எந்தக் கோட்டுடையது என்று தெரியாதவரை திருத்த முடியாது.

இருட்டறைக்காரர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். நெகட்டிவ் தட்டையாக இருந்தால் 4ஆம் கிரேடு தாள், கடுமையாக இருந்தால் 1ஆம் கிரேடு. 1940இல் இல்ஃபோர்டு மல்டிகிரேடு தாளைக் கொண்டுவந்த பிறகு, ஃபில்டரை மாற்றியே ஒரே தாளில் கான்ட்ராஸ்டை மாற்ற முடிந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் லாஸ் ஏஞ்சலஸில் பாடம் நடத்தும்போது ஸோன் முறையை வகுத்தார்கள். முழுக் கறுப்பிலிருந்து தாளின் வெள்ளை வரை சாயல்களை 0 முதல் 10 வரை எண்ணிட்டு, காட்சியின் எந்தப் பகுதி எந்த எண்ணில் விழவேண்டும் என்று படம் எடுக்கும்போதே முடிவு செய்யும் முறை அது. ஆடம்ஸே தன் முடிவுகளைப் பின்னாளில் மாற்றிக்கொண்டார். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழும்போது எடுத்த அவருடைய புகழ்பெற்ற படத்தின் தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பலாக, மேகக் கீற்றுகளோடு இருக்கும். 1970களின் பிரிண்டுகளில் அது ஏறக்குறைய முழுக் கறுப்பு. ஒரே நெகட்டிவ்தான். பார்வை மாறியது, கோடு மாறியது. நான் படத்தின் கர்வ் என்று சொல்வது இதைத்தான். இதில் சரி, தவறு என்று அளக்க ஏதுமில்லை.

டிஜிட்டல் கேமரா இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டது. சென்சாருக்குப் பாதமும் இல்லை, தோளும் இல்லை. இரண்டு மடங்கு ஒளி விழுந்தால் இரண்டு மடங்கு எண், நிரம்பும்வரை நேர்கோடு, நிரம்பியதும் சட்டென்று வெள்ளை. அந்த நேர்கோட்டுத் தரவை அப்படியே திரையில் போட்டால் இருண்டு தட்டையாகத் தெரியும். எனவே ரா கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளும் நமக்குக் காட்டுமுன்பே ஒரு கர்வ் போட்டுவிடுகிறது. நாம் தொடாத படம் என்று நினைப்பது ஏற்கெனவே யாரோ வளைத்த படம். அதன்மேல் வழக்கம் கருதி இன்னொரு எஸ் போடுகிறோம். பிறகு நிழலில் விவரம் போய்விட்டதே என்று வருந்துகிறோம்.

எஸ் வடிவக் கோடு என்ன செய்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது. 0 முதல் 255 வரையுள்ள அளவில் 64ஐ 52க்கு இறக்கி, 192ஐ 204க்கு ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் 128 படிகள் 152 படிகளாக விரிகின்றன, சரிவு ஏறத்தாழ 1.19. அங்கே சாயல்கள் விலகி நிற்கும், படம் துடிப்பாகத் தெரியும். ஆனால் 64 படிகளில் பரவியிருந்த நிழல் இப்போது 52 படிகளில் அடைய வேண்டும், சரிவு 0.81. மேலே வெளிச்சப் பகுதிக்கும் அதே கதி. இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் ஓரிடத்தில் கூட்டிய கான்ட்ராஸ்டை வேறோரிடத்தில் கொடுத்தே ஆகவேண்டும். குட்டைப் போர்வை போலத்தான்: தலையை மூடினால் கால் வெளியே வரும். ஆகவே எங்கே செங்குத்தாக்குவது என்ற கேள்வியோடு எங்கே இழக்கச் சம்மதிப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்காமல் போட்ட எஸ்தான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது.

இதில் நமக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. எஸ் கோட்டைச் சொல்லித்தரும் பாடங்கள் 128ஐ நடுவாக வைத்து அதற்கு மேலுள்ளவற்றை ஏற்றவும் கீழுள்ளவற்றை இறக்கவும் சொல்கின்றன. ஆடம்ஸின் கணக்கில் வெயிலில் நிற்கும் வெள்ளைக்காரர் முகம் 6ஆம் ஸோனில் விழும். திரையின் எண்ணில் அது 160 அளவில் வரும். எஸ் போட்டால் அந்த முகம் ஒளிபெறும். கறுத்த, மாநிறத் தோலை அவர் ஒரு படி கீழே 5ஆம் ஸோனில் வைத்தார். அது 118 அளவில், நிழலில் நிற்பவராக இருந்தால் இன்னும் கீழே, 60க்கும் 100க்கும் நடுவில். அங்கே அதே எஸ் முகத்தை இறக்கும், அதன் நிழல் பக்கத்தில் கன்னத்துக்கும் தாடைக்கும் இடையிலிருக்கும் நுண்ணிய சாயல் வேறுபாடுகளை அமுக்கும். தமிழ்நாட்டில் ஒரு கோயில் திருவிழாவைப் படமெடுப்பவர் கையில் ஒரே சட்டகத்தில் வெள்ளை வேட்டியும் வெயிலில் கறுத்த முதுகும் கருங்கல் தூணும் இருக்கும். அந்தப் படத்துக்கு இரவல் எஸ் உதவாது. வேட்டியின் மடிப்புகள் எங்கே இருக்கின்றன, முகம் எந்த எண்ணில் இருக்கிறது என்று சுட்டியை வைத்துப் பார்த்து, 60க்கும் 140க்கும் நடுவில் கோட்டைச் செங்குத்தாக்கி, மேலே மெல்லத் தளரவிடுவதுதான் வழி. முகத்தை வெளுப்பாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. கறுப்புக்குள் இருக்கும் சாயல்களைப் பிரித்துக் காட்டுவதற்காகச் சொல்கிறேன். கல்யாண ஆல்பங்களில் முகங்களை வெளுக்கவைக்கும் வழக்கம் எனக்கு ஒப்புதலானதல்ல. அதற்கு எதிரிடையாக நான் காட்டக்கூடியவர் நியூயார்க்கின் ஒளிப்படக் கலைஞர் ராய் டிகராவா. 1952இல் குகன்ஹைம் நல்கை பெற்ற அவர், ஹார்லெம் மக்களின் முகங்களை ஆழ்ந்த சாம்பலிலேயே அச்சிட்டார். வெளிச்சத்தைத் திணிக்காமல் இருட்டுக்குள்ளேயே சாயல்களை நெருக்கமாக அடுக்கினார். லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 1955இல் வந்த அவர் நூலைப் பார்ப்பவர்கள், ஒரு பிரிண்ட் அழகாயிருக்க வெள்ளையும் கறுப்பும் இரு முனைகளிலும் மோதவேண்டியதில்லை என்பதைக் காண்பார்கள்.

கர்வால் செய்ய முடியாதவை இரண்டு உண்டு. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்புப் புடவையும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகிவிட்டால், பிறகு எந்தக் கோடும் அவற்றைப் பிரிக்காது. ஒரே எண்ணில் இருப்பவை கர்வுக்கு ஒன்றே. எனவே மாற்றும் கட்டத்திலேயே கவனம் வேண்டும். சிவப்பு 30, பச்சை 59, நீலம் 11 சதவீதம் என்ற வழக்கமான கலவையை விட்டு, அந்தந்தப் படத்துக்கு ஏற்ப நிறங்களின் பங்கை மாற்ற வேண்டும். அதேபோல, முகமும் அதன் பின்னாலுள்ள சுவரும் 90 என்ற எண்ணில் இருந்தால், முகத்தை ஏற்றும்போது சுவரும் ஏறும். கர்வுக்கு இடம் தெரியாது. இருட்டறையில் கையால் மறைத்தும் கூடுதல் ஒளி கொடுத்தும் செய்ததை இங்கே மாஸ்க் போட்டுச் செய்ய வேண்டும். இடத்துக்கிடம் செய்யவேண்டிய வேலையை, கோட்டில் புள்ளிமேல் புள்ளி வைத்துச் செய்ய முயல்பவர்கள் உண்டு. போட்டோஷாப் 14 புள்ளிகள் வரை சேர்க்க விடுகிறது என்பதற்காக அத்தனையும் வைக்கவேண்டியதில்லை. மூன்று நான்குக்கு மேல் தேவைப்பட்டால் அது மாஸ்க் போடவேண்டிய படம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி தாள். கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் தலைவிதியைத் தீர்மானிப்பது அந்தத் தாளில் கிடைக்கும் ஆழமான கறுப்பு. அதை அடர்த்தியால் அளக்கிறார்கள். அடர்த்தி 1 என்றால் விழுந்த ஒளியில் 10 சதவீதம் திரும்பி வருகிறது, 2 என்றால் 1 சதவீதம். நல்ல பளபளப்பான வெள்ளி ஜெலட்டின் தாளில் கறுப்பு 2.1, 2.2 வரை போகும். பளபளப்பான இங்க்ஜெட் தாளில் 2.3ஐயும் தாண்டலாம். பருத்தி மேட் தாளில் 1.6 அளவில் நின்றுவிடும், அதாவது விழுந்த ஒளியில் இரண்டரை சதவீதம் திரும்புகிறது. கண்ணின் உணர்வுக்கேற்ப 0 முதல் 100 வரை வகுத்த வெளிச்ச அளவுகோலில் பளபளப்புத் தாளின் கறுப்பு 4இல் இருந்தால், மேட் தாளின் கறுப்பு 18இல் இருக்கும். திரை தரும் கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்று என்றால், மேட் தாள் தருவது ஏறத்தாழ முப்பத்தைந்துக்கு ஒன்று. திரையில் 18க்குக் கீழே நாம் ரசித்த நிழலெல்லாம் தாளில் இருக்கவே முடியாது. அதைத் துண்டித்துவிடுவதா, மேலே நகர்த்தி அமுக்குவதா என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். நாம் செய்யாவிட்டால் பிரிண்டரின் டிரைவர் செய்யும்.

இதோடு கண்ணின் ஏமாற்றும் சேர்கிறது. சுற்றிலும் இருட்டாக இருந்தால் நடுவிலுள்ள படத்தின் நிழல்கள் வெளுப்பாகத் தெரியும் என்பதை ஆய்வாளர்கள் பார்ட்டில்சனும் பிரெனமனும் 1967இல் அளந்து காட்டினார்கள். 2012இல் வந்த சிஎஸ்6 முதல் போட்டோஷாப்பின் முகப்பு கரும் சாம்பலாகிவிட்டது. அந்தப் பின்னணியில் சரியாகத் தெரிந்த நிழல், பிரிண்டைச் சுற்றி வெள்ளை ஓரம் வந்ததும் இருண்டு தெரிகிறது. அச்சுக்கான படத்தைப் பார்க்கும்போது பின்னணியை வெளிர் சாம்பலாக மாற்றி, படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம் சேர்த்துப் பார்ப்பது செலவில்லாத திருத்தம். திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவுக்குக் குறைக்கச் சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். பிரிண்டை எந்த ஒளியில் பார்க்கிறோம் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சுத் தொழிலின் சர்வதேசத் தரம், நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸும் சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸும் சொல்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அவ்வளவு ஒளி கிடைப்பது அரிது.

தாளின் கர்வை எப்படி எடுப்பது என்பதில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது புரொஃபைலும் சாஃப்ட் புரூஃபும். தாள் நிறுவனம் தரும் புரொஃபைலைத் தேர்ந்து, தாளின் வெள்ளையையும் மையின் கறுப்பையும் திரையில் காட்டச் சொன்னால் படம் சட்டென்று மங்கிப்போகும். அதைக் கண்டு பயந்து அந்தத் தேர்வை அணைத்துவிடுகிறார்கள். அந்த மங்கல்தான் உண்மை, அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழக வேண்டும். ஆனால் வண்ணத்துக்காக உருவான புரொஃபைல்கள் பல, ஆழ்ந்த நிழலில் நடுநிலைச் சாம்பலைத் துல்லியமாகக் காப்பதில்லை. இரண்டாம் வழி பிரிண்டர் தரும் கறுப்பு வெள்ளை முறை. எப்சன் 2005இல் மூன்று அடர்த்தியுள்ள கறுப்பு மைகளோடு தந்த பிரிண்டர்களில் இது வந்தது. சாம்பலில் நிறம் ஏறாமல் வருவது பெரிய ஆதாயம். உள்ளே எந்தக் கோடு இயங்குகிறது என்பது நமக்குத் தெரியாது என்பது குறை. மூன்றாம் வழிக்காரர்கள் பிரிண்டரையே கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப், ஒவ்வொரு மையும் எவ்வளவு விழவேண்டும் என்பதையும் ஒட்டுமொத்தக் கோட்டையும் நாமே எழுத விடுகிறது. ஜான் கோன் உருவாக்கிய பியஸோகிராஃபி ஏழு அடர்த்திக் கறுப்பு மைகள் வரை பயன்படுத்துகிறது.

எந்த வழியானாலும் அடிப்படைச் சோதனை ஒன்றே. 0 முதல் 100 வரை 5 சதவீத இடைவெளியில் 21 சாம்பல் கட்டங்கள் கொண்ட ஒரு படிக்கட்டை, எந்தத் திருத்தமும் இல்லாமல், நாம் பயன்படுத்தப்போகும் அதே தாளில் அச்சிட வேண்டும். லேபுக்கு அனுப்புபவர்களும் இதைச் செய்யலாம். தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தால் போதும். பிரிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். 100ஐயும் 95ஐயும் பிரிக்க முடியவில்லை, 90உம் சேர்ந்துகொண்டது என்றால் பிரச்சினை எங்கே என்பது தெரிந்துவிடும். ஸ்பெக்ட்ரோ கருவி இருந்தால் அளக்கலாம். இல்லையென்றால் சமதள ஸ்கேனரில், தானியங்கித் தேர்வுகளை அணைத்துவிட்டு, அடர்த்தி தெரிந்த ஓர் அளவுப் பட்டையோடு சேர்த்து ஸ்கேன் செய்து ஒப்பிடலாம். பிறகு திருத்தக் கோடு. இங்கே பலர் தடுமாறுவார்கள். 50 சதவீதக் கட்டம் 60 போல் இருண்டு வந்தால் 10ஐக் கழித்து 40 என்று வைக்கக் கூடாது. அச்சிட்ட படிக்கட்டில் உண்மையான 50இன் சாயல் எந்தக் கட்டத்தில், அல்லது எந்த இரு கட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது என்று தேட வேண்டும். அது 42இல் இருந்தால் 50ஐ 42க்கு இழுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஆர்ஜிபி படத்தில் கர்வ் சதுரத்தின் கீழ் இடமூலை கறுப்பு, கிரேஸ்கேல் படத்தில் அது இயல்பாக மையின் அளவைக் காட்டுவதால் அதே மூலை வெள்ளை. திசை மாறிப்போனால் திருத்தம் இரட்டிப்புக் கேடாகும்.

இப்படி எடுத்த கோட்டை மேட் தாளில் போட்ட பிறகும் படம் சற்றுத் தளர்ந்து தெரியலாம். அது தாளின் இயல்பு, அளவில் பிழையில்லை. அப்போது படத்தின் கர்வைத் திறந்து கீழ்நடுச் சாயல்களைக் கொஞ்சம் செங்குத்தாக்குவது நியாயம்.

பத்திரிகை அச்சில் தாளின் கர்வுக்கு டாட் கெயின் என்று பெயர். மை உறிஞ்சப்பட்டுப் புள்ளி பெருப்பதால், 20 சதவீத டாட் கெயின் என்றால் 50 சதவீதப் புள்ளி 70ஆக அச்சாகிறது. செய்தித்தாளில் இன்னும் கூடுதல். நம் சிற்றிதழ்களில் எழுத்தாளர்களின் முகங்கள் கருந்திட்டுகளாக வருவதற்கு முதல் காரணம் இதுதான். டாட் கெயின் 20 என்ற கிரே அமைப்பில் தயாரித்த கோப்பு அந்தப் பெருக்கத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்கும். அச்சகத்தில் அது தெரியாமல் மறுபடி வெளுக்கச் செய்தால் முகம் சுண்ணாம்பாகும். கோப்போடு அந்த விவரத்தை எழுதி அனுப்பும் பழக்கம் நம்மிடையே வரவேண்டும்.

இரண்டு கர்வையும் பிரித்து வைப்பதன் பயன் முழுமையாகத் தெரிவது டிஜிட்டல் நெகட்டிவில். டான் பர்க்ஹோல்டர் 1990களில் பரப்பிய இந்த முறையில், கணினியில் திருத்திய படத்தை ஒளி ஊடுருவும் தாளில் நெகட்டிவாக அச்சிட்டு, பிளாட்டினம், சயனோடைப் போன்ற பழைய முறைகளில் தொட்டு அச்செடுக்கிறார்கள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனிக் கோடு. படத்தை ஒருமுறைதான் செய்கிறார்கள்; பிளாட்டினத்துக்கு ஒரு கோடு, சயனோடைப்புக்கு வேறொரு கோடு. ஒளிப்படக் கலைஞர் செபாஸ்டியாவ் சல்காடோ, ஜெனிசிஸ் என்ற தன் ஒளிப்படத் தொடரின் நடுவே டிஜிட்டலுக்கு மாறியபோதும், கோப்புகளிலிருந்து நெகட்டிவ் எடுத்து வெள்ளித் தாளில் அச்சிடும் வழியைக் கைவிடவில்லை.

இவ்வளவு வளைப்பதற்கு 8 பிட் கோப்பு தாங்காது. 256 படிகளை ஓரிடத்தில் விரித்தால் இடையில் வெற்றிடம் விழும், ஹிஸ்டோகிராம் பல்லிளிக்கும், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். போட்டோஷாப்பின் 16 பிட்டில் 32,769 படிகள் இருக்கின்றன. ராவிலிருந்து 16 பிட்டில் வெளியே எடுத்து, கர்வ்களைத் தனித்தனி அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களாகப் போடுவது கட்டாயம். கீழே படத்தின் கர்வ், அதன்மேல் தாளின் கர்வ்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரோ செய்து விற்கும் பிரீசெட்டுகளை வாங்குமுன், 21 கட்டப் படிக்கட்டு ஒன்றை உங்கள் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அதிலிருந்து எடுத்த கோட்டைத் தாளின் பெயர், மையின் பெயர், பிரிண்டரின் பெயர், தேதி எல்லாம் எழுதிச் சேமித்து வையுங்கள். தாள் மாறினால் அந்தக் கோட்டை மட்டும் மாற்றுங்கள், படத்தைத் தொடாதீர்கள்.